பிடிபி-11 குடும்பத்தில் எது வேகம்? 11/03 முதல் 11/93 வரை

பிடிபி-11 என்பது 1970-இல் தொடங்கிய 16 பிட் சிறுகணினிக் குடும்பம். அதில் ஒன்றை இன்று வாங்க நினைப்பவர் முதலில் மறக்கவேண்டியது மாடல் எண்ணை. 1970-இல் வந்த 11/20-ஐவிட இரண்டு ஆண்டு கழித்து வந்த 11/05 மெதுவானது. 1976-இல் வந்த 11/34 தனக்கு மூத்த 11/40-ஐ எட்டிப் பிடிக்காது. 1975-இல் ஒரே ஆண்டில் வந்த இரண்டு மாடல்களில் 11/70 அன்றைய உச்சம், 11/03 கடைசி.

இவற்றைத் தயாரித்த டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம், சுருக்கமாக டெக், ஒவ்வொரு முறை சில்லுகளின் விலை குறைந்தபோதும் இரண்டு வழியில் போனது. ஒரு குழு அதே விலைக்கு அதிக வேகம் கொடுத்தது. இன்னொரு குழு வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து விலையைப் பாதியாக்கப் பார்த்தது. எல்லா மாடல்களுக்கும் கட்டளைத் தொகுப்பு ஏறத்தாழ ஒன்றே என்பதால் ஒப்பிடுவது சுலபம்போலத் தோன்றும். ஆனால் உண்மையான வித்தியாசம் செயலியில் பாதிதான். மீதிப் பாதி, செயலியிலிருந்து நினைவகத்துக்குப் போகும் பாதையில் இருக்கிறது. இந்த மதிப்பீடு முழுக்க அந்தப் பாதையைப் பற்றியது.

முதலில் ஓர் அளவுகோல். எந்த மாடலிலும், இயங்குதளம் எதுவும் இல்லாமல், முன்பலகைச் சுவிட்சுகள் வழியாகவோ கன்சோல் ஓடிடி (முனையத்தில் தட்டி நினைவகத்தை மாற்றும் உள்ளமைந்த வசதி) வழியாகவோ ஏற்றக்கூடிய சின்ன நிரல் இது. எண்கள் எல்லாம் ஆக்டல், அதாவது எட்டை அடியாகக் கொண்டவை.

1000: 012701
1002: 000144
1004: 005000
1006: 005300
1010: 001376
1012: 005301
1014: 001374
1016: 000000

செயலிக்குள் எண்ணை வைக்கும் சிறு இடமான பதிவகம் 0-வை ஒன்றொன்றாகக் குறைத்து, சுழியம் ஆகும்வரை பின்னால் தாவும் வளையம் இது. உள்வளையம் 65,536 முறை, வெளிவளையம் 100 முறை. மொத்தம் 65,53,600 சுற்று. 1000-இலிருந்து ஓடவிட்டு, நிற்கும்வரை ஆன விநாடிகளை 6.55-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கான மைக்ரோ விநாடி கிடைக்கும். கைக்கடிகாரமே போதும்: 11/03-இல் முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகும், வேகமான நினைவகம் உள்ள 11/45-இல் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒரே சுற்றில் இரண்டு கட்டளைகளைச் செய்யும் தனிக் கட்டளை ஒன்று பிந்தைய மாடல்களில் உண்டு. 11/20, 11/05 போன்றவற்றில் அது இல்லாததால் இங்கே பயன்படுத்தவில்லை.

இதில் அளக்கப்படுவது கட்டளையைப் படிக்கும் வேகமும் செயலியின் வேகமும் மட்டுமே. நினைவகத்தில் எழுதும் வேகத்தை அளக்க, இரண்டாம் வடிவம் வேண்டும். 2000-ஆம் முகவரியில் சுழியத்தை வைத்துவிட்டு, 1004 முதல் இப்படி மாற்றுங்கள்.

1004: 000240
1006: 005337
1010: 002000
1012: 001375
1014: 005301
1016: 001373
1020: 000000

இப்போது குறைக்கப்படும் எண் பதிவகத்தில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. கேஷ் (செயலிக்கு அருகில் உள்ள சிறிய, வேகமான நினைவகம்) உள்ள பிடிபி-11 மாடல்கள் எல்லாம் எழுதும்போது கேஷைக் கடந்து முதன்மை நினைவகத்துக்கும் எழுதுபவை. எனவே முதல் நிரலில் பிரமாதமாக ஓடும் இயந்திரம் இரண்டாவதில் எவ்வளவு தடுமாறுகிறது என்பதைப் பார்த்தாலே அதன் நினைவகப் பாதையின் தரம் தெரிந்துவிடும். முதல் நிரலின் முடிவை மட்டும் வைத்து மாடல்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களை நம்பாதீர்கள்.

11/03 பெட்டியில் அளக்கும்போது ஒரு கவனம். முன்பக்கம் மின்னிணைப்புக் கடிகாரத்துக்கான சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் கடிகாரக் குறுக்கீடு வந்ததும் செயலி ஆக்டல் 100-ஆம் முகவரியில் உள்ள எண்ணையே அடுத்த முகவரியாக எடுத்துக்கொண்டு தாவும். அங்கே என்ன குப்பை இருக்கிறதோ அதை இயந்திரம் ஓட்டத் தொடங்கும். நிரலில் பிழை என்று மணிக்கணக்காகத் தேடுவது பெரும்பாலும் இதனால்தான்.

இனி மாடல்கள். 11/20-இல் மைக்ரோகோட் (ஒவ்வொரு கட்டளையையும் சிறு படிகளாகச் செய்துமுடிக்கும் உள் நிரல்) கிடையாது; கட்டுப்பாடு முழுவதும் நேரடி லாஜிக். இரு பதிவகங்களுக்கு இடையிலான கட்டளைக்கு 2.3 மைக்ரோ விநாடி. பெருக்கல், வகுத்தல் கட்டளைகள் செயலியில் இல்லை. 11/05-ம் அதன் இரட்டையான 11/10-ம் அதே வேலையை இரண்டு பெரிய போர்டுகளில் அடக்கின. விலை குறைந்தது, வேகமும் குறைந்தது. 11/04 ஒரே போர்டு. இந்த மூன்றையும் வேகத்துக்காக யாரும் வாங்கவேண்டாம். சுவிட்சுப் பலகை உள்ள 11/05 அல்லது 11/10 அழகான பொருள். பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பிடிபி-11 இல்லை, ஏனென்றால் முழுச் செயலியும் கண்முன்னே இரண்டு போர்டில் விரிந்துகிடக்கும்.

11/40 வேறு வகை. அதன் மைக்ரோகோட் கடிகாரம் ஒரே நீளத்தில் அடிக்காது. செய்யும் வேலையைப் பொறுத்து 140, 200, 300 நானோ விநாடி என்று மூன்று நீளங்களில் அடிக்கும். பதிவகத்துக்குள் முடியும் கட்டளை சுமார் 0.9 மைக்ரோ விநாடி. பெருக்கலும் வகுத்தலும் கூடுதல் போர்டாக வரும். மிதவைப்புள்ளிக்கான (தசம எண் கணக்குக்கான) கூடுதல் போர்டு 32 பிட் எண்களை மட்டும் கையாளும். அதன் நான்கு கட்டளைகளும் பெரிய மாடல்களின் மிதவைப்புள்ளிக் கட்டளைகளோடு ஒத்துப்போகாதவை. 11/45-க்காகத் தொகுத்த நிரலைக் கொண்டுவந்து 11/40-இல் ஓட்டமுடியாமல் போவதற்கு முதற்காரணம் இதுதான்.

11/34-இல் பெருக்கலும் வகுத்தலும், நிரலின் முகவரிகளை நினைவகத்தின் இடங்களோடு பொருத்தும் நினைவக மேலாண்மையும் உள்ளேயே உண்டு. செயலி இரண்டே போர்டு. பதிவகக் கட்டளைக்கு ஏறத்தாழ 2 மைக்ரோ விநாடி, அதாவது 11/40-ஐவிட இரு மடங்கு. ஆனால் அன்றாட நிரலில் இடைவெளி அவ்வளவு தெரியாது. காத்திருப்பில் பெரும்பகுதி நினைவகத்துக்காகத்தான் போகிறது. 11/34ஏ என்ற திருத்தப்பட்ட வடிவத்தில் மிதவைப்புள்ளிப் போர்டையும் 2 கிலோபைட் கேஷ் போர்டையும் சேர்க்கலாம். கேஷ் போர்டோடு கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். பழைய எம்7265, எம்7266 போர்டுகள் கொண்ட 11/34-க்கும் எம்8265, எம்8266 கொண்ட 11/34ஏ-வுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. பெட்டியைத் திறந்து போர்டு எண்ணைப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

நினைவகப் பாதை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 11/45-ஐவிட நல்ல சாட்சி இல்லை. 1972-இல் வந்த இதன் செயலி, ஷாட்கி டிடிஎல் என்ற வேகமான வகைச் சில்லுகளால் ஆனது. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே, எல்லாப் போர்டுகளும் பகிரும் பொதுக் கம்பிவழியான யுனிபஸ்ஸைத் தொடாத தனி வேகப்பாதை உண்டு. அதில் மாட்டும் பைபோலார் என்ற வேகமான சில்லு நினைவகத்துக்கு 300 நானோ விநாடி. மாஸ் (எம்ஓஎஸ்) என்ற மெதுவான சில்லு நினைவகத்துக்கு 450. யுனிபஸ் வழியே போகும் காந்த வளைய நினைவகத்துக்கு 850. பைபோலார் இருந்தால் பதிவகக் கட்டளை 300 நானோ விநாடியில் முடியும். அதே செயலியைக் காந்த வளையங்களோடு மட்டும் இணைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். டெக் நிறுவனமே இதே செயலியை மாஸ் நினைவகத்தோடு 11/50 என்றும், பைபோலாரோடு 11/55 என்றும் விற்றது. ஒரே செயலிக்கு மூன்று பெயர், மூன்று வேகம். இன்று ‘11/45’ என்று விற்பனைக்கு வருவதில் எந்த நினைவகப் போர்டு இருக்கிறது என்று கேட்காமல் அதன் வேகத்தைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை. பைபோலார் போர்டுகள் சூடாகும், மின்சாரம் குடிக்கும், கொள்ளளவும் குறைவு. அரிதாகவே முழுசாகக் கிடைக்கின்றன.

11/45-இன் இன்னொரு பலம், கட்டளைகளுக்கும் தரவுக்கும் தனித்தனி 64 கிலோபைட் முகவரிவெளி. 16 பிட் இயந்திரத்தில் ஒரு நிரல் 64 கிலோபைட்டுக்குள் மூச்சுத்திணறும். இங்கே இரட்டிப்பு இடம். வேகத்தைப் பற்றிய பேச்சில் இதை ஏன் கொண்டுவருகிறோம் என்றால், இடம் போதாத நிரல் துண்டுதுண்டாக வட்டிலிருந்து ஏறி இறங்கவேண்டியிருக்கும். அப்போது செயலியின் நானோ விநாடிகளை யாரும் எண்ணப்போவதில்லை. 2.11 பிஎஸ்டி யுனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு இந்தத் தனி முகவரிவெளி கட்டாயம். 11/34, 11/40, 11/60, 11/23 எதிலும் இது கிடையாது.

11/70 இதே செயலி வடிவமைப்பின் முதிர்ந்த நிலை. பைபோலார் நினைவகத்தை எல்லா இடத்திலும் நிரப்புவதற்குப் பதில், 2 கிலோபைட் கேஷ் ஒன்றை நடுவில் வைத்தார்கள். ஒவ்வொரு தரவுக்கும் வைக்க இரண்டு இடம் (இருவழித் தொகுதி), ஒவ்வொரு கட்டமும் 4 பைட். கேஷில் கிடைத்தால் 11/55 போலவே 300 நானோ விநாடி. கிடைக்காவிட்டால் 32 பிட் அகலப் பாதை வழியே பெரிய, மலிவான நினைவகத்துக்குப் போகும். முகவரி 22 பிட், எனவே யுனிபஸ்ஸின் 256 கிலோபைட் எல்லை இல்லை. இதோடு நிற்கவில்லை. வட்டுகளுக்கு மாஸ்பஸ் என்ற தனி வழி. கட்டுப்படுத்திகள் நான்குவரை யுனிபஸ்ஸைத் தொடாமல் நேரே நினைவகத்துக்குள் கொட்டும். ஆர்பி06 வட்டு விநாடிக்கு 806 கிலோபைட் தரும். அதை முழு வேகத்தில் ஓடவிட்டும் செயலி நிற்காத இயந்திரம் இந்தக் குடும்பத்தில் 11/70 ஒன்றே என்று துணிந்து சொல்லலாம். பலர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வேலை செய்த கணினி மையங்களில் இது அவ்வளவு காலம் நின்றதற்குக் காரணம் செயலி மட்டுமல்ல, இந்த வழிகள்தான்.

மிதவைப்புள்ளியிலும் 11/45, 11/70 இரண்டும் தனி ரகம். கூடுதல் செயலி தன் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே முதன்மைச் செயலி அடுத்த கட்டளைக்குப் போய்விடும். ஃபோர்ட்ரான் நிரல்களில் இந்த ஒன்றிணைந்த ஓட்டம் அப்பட்டமாகத் தெரியும்.

வீட்டில் வைக்க 11/70 ஏற்றதா? அலமாரி அலமாரியாக எடை, கிலோவாட் கணக்கில் மின்சாரம், போதாதற்குக் குளிரூட்டல். மனதில் ஆசை இருந்தாலும் நிறையப் பேருக்குச் சரியான விடை 11/44. அதே 22 பிட் முகவரி, தனி முகவரிவெளிகள், 11/70-ஐவிட நான்கு மடங்கு பெரிய 8 கிலோபைட் கேஷ், எல்லாம் ஒரே பெட்டியில். நேருக்கு நேர் நிறுத்தினால் 11/70 முந்தும். மாஸ்பஸ் இல்லாததால் வட்டுப் பக்கத்தில் இடைவெளி இன்னும் கூடும். ஆனால் யுனிக்ஸ் ஓட்டி, தொகுப்பி இயக்கி வேலை பார்க்க 11/44-இல் எந்தக் குறையும் தெரியாது.

11/60-ஐப் பற்றி இரண்டு வரி. 1977-இல் கேஷோடும், பயனரே எழுதக்கூடிய மைக்ரோகோட் நினைவகத்தோடும் வந்தது. 11/40-ஐவிட நன்றாகவே வேகம். ஆனால் முகவரி 18 பிட்டிலேயே நின்றது, தனி முகவரிவெளியும் இல்லை. தனக்கென மைக்ரோகோட் எழுதிப் பார்க்கும் ஆர்வம் உள்ளவருக்கு மட்டும்.

இனி சிறிய பெட்டிகள், க்யூபஸ் கிளை. இன்று வாங்கக் கிடைப்பதில் பெரும்பகுதி இவைதான். யுனிபஸ்ஸில் முகவரிக்கும் தரவுக்கும் தனித்தனிக் கம்பிகள். க்யூபஸ்ஸில் இரண்டும் ஒரே கம்பிகளில் மாறிமாறிப் போகும். கம்பி மிச்சம், நேரம் நட்டம்.

11/03-இன் செயலி வெஸ்டர்ன் டிஜிட்டல் தயாரித்த சில்லுத் தொகுப்பு. பதிவகக் கட்டளைக்கு 3.5 மைக்ரோ விநாடி. பழைய போர்டுகளில் நினைவகத்தைப் புதுப்பிக்கும் வேலையையும் செயலியின் மைக்ரோகோடே செய்தாகவேண்டும். அந்த நேரம் உங்கள் நிரலிலிருந்து கழியும். தானே புதுப்பித்துக்கொள்ளும் நினைவகப் போர்டு இருந்தால் ஜம்பரை மாற்றி இந்த வேலையை நிறுத்திவிடுங்கள். செலவில்லாமல் கிடைக்கும் வேகம் அது.

1979-இல் வந்த 11/23-இல் அதே கட்டளைக்கு 1.72 மைக்ரோ விநாடி, ஏறத்தாழ பாதி நேரம். நினைவக மேலாண்மையும் மிதவைப்புள்ளியும் தனித்தனிச் சில்லுகளாகச் சாக்கெட்டில் உட்காரும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று: மிதவைப்புள்ளியின் பதிவகங்கள் நினைவக மேலாண்மைச் சில்லுக்குள் இருக்கின்றன. அந்தச் சில்லு இல்லாமல் மிதவைப்புள்ளிச் சில்லை மட்டும் வாங்கிப் பொருத்தினால் வேலை செய்யாது. வேகமும் மிதமானதே, ஏனென்றால் அது மைக்ரோகோட் மட்டும். உண்மையான வேகத்துக்கு எஃப்பிஎஃப்11 என்ற தனிப் பெரிய போர்டு வேண்டும்.

டெக்கின் ஜே-11 செயலிச் சில்லு வந்ததும் கதை மாறியது. 11/73-இல் 15 மெகாஹெர்ட்ஸ். ஒரு மைக்ரோ சுழற்சிக்கு நான்கு துடிப்பு, அதாவது 267 நானோ விநாடி. 8 கிலோபைட் கேஷ், 22 பிட், தனி முகவரிவெளிகள். ஒரு காலத்தில் அறையை அடைத்த 11/70-இன் செயலி வேகத்தை உள்ளங்கை இரண்டு அகலப் போர்டில் தொட்டுவிட்டது. முதல் நிரலில் இரண்டும் தோளோடு தோள் நிற்கும். இரண்டாவது நிரலில்தான் 11/73 பின்தங்கும், ஏனென்றால் எழுதும் ஒவ்வொரு முறையும் தரவு க்யூபஸ்ஸைத் தாண்டிப் போகவேண்டும்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது 11/83. 18 மெகாஹெர்ட்ஸ், 222 நானோ விநாடிச் சுழற்சி. கடிகாரத்தைவிட முக்கியம், செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே பிஎம்ஐ என்ற தனி இணைப்பு. போர்டின் வலப்பாதிக் கம்பிகள் வழியே, அடுத்தடுத்த போர்டுகளுக்கு இடையில் மட்டும் ஓடுவது அது. இதில் அதிகமாக நடக்கும் பிழை: செயலியை முதல் இடத்திலும் நினைவகத்தை அதன் கீழும் மாட்டிவிடுவது. மற்ற எல்லா க்யூபஸ் இயந்திரத்திலும் அதுதான் முறை என்பதால் கை தானாகவே அப்படிப் போகும். 11/83-இல் எம்எஸ்வி11-ஜே நினைவகப் போர்டு முதலில், செயலி அதற்கு அடுத்து. மாற்றி மாட்டினாலும் இயந்திரம் ஓடும், பிழைச்செய்தி எதுவும் வராது. நினைவகம் சாதாரண க்யூபஸ் நினைவகமாகப் பேசும், கையில் இருப்பது பெயரளவில் 11/83. துவக்க ரோமில் ‘மேப்’ கட்டளை கொடுத்தால் நினைவகம் எந்த பஸ் வகை என்று காட்டும். இரண்டாம் நிரலை ஓட்டினாலும் தெரிந்துவிடும். பிஏ23 என்ற டெக் பெட்டியில் முதல் மூன்று இடங்களில் மட்டுமே இந்த இணைப்புக் கம்பிகள் உண்டு என்பதையும் மறக்கவேண்டாம்.

11/53-ஐ 11/73-இன் தம்பி என்று எண்ணி வாங்காதீர்கள். அதே ஜே-11, அதே 15 மெகாஹெர்ட்ஸ், ஆனால் கேஷ் இல்லை. போர்டிலேயே நினைவகமும் தொடர் இணைப்புகளும் இருப்பதால் கட்டமைப்பது எளிது, வேகம் குறைவு. 1990-இல் வந்த 11/93 மறுபக்கம்: 18 மெகாஹெர்ட்ஸ், போர்டிலேயே 2 அல்லது 4 மெகாபைட், எட்டுத் தொடர் இணைப்பு. க்யூபஸ் கிளையில் டெக் விற்றவற்றில் கடைசியும் மிக வேகமானதும் இதுவே. யுனிபஸ் போர்டுகளை வைத்துக்கொண்டு ஜே-11 வேகம் வேண்டும் என்றால் 11/84 அல்லது 11/94.

வேகத்தைக் கெடுக்கும், அல்லது இயந்திரத்தையே நிறுத்தும் விஷயங்கள் சில. 18 பிட் முகவரி மட்டும் தெரிந்த டிஎம்ஏ போர்டுகளை (செயலியைக் கேட்காமல் நேரே நினைவகத்தில் படித்து எழுதுபவை), உதாரணமாக ஆர்எல்வி11, ஆர்எக்ஸ்வி21 இரண்டையும், 256 கிலோபைட்டுக்கு மேல் நினைவகம் உள்ள 22 பிட் பெட்டியில் மாட்டினால், மேல்பகுதிக்குப் போகவேண்டிய தரவு கீழ்ப்பகுதியில் போய் விழும். சிறிய நிரல் ஓடும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். நினைவகம் நிறைந்ததும் கோப்புகள் சிதையும். ஆர்எல்02 வட்டுக்கு ஆர்எல்வி12 போர்டைத் தேடுங்கள். பழைய 18 பிட் பேக்பிளேனில் (போர்டுகளைச் செருகும் பின்பலகை) 11/73-ஐ மாட்டுவதும் இதே வகைத் தொல்லை. மேல் நான்கு முகவரிக் கம்பிகள் அங்கே இருக்காது.

யுனிபஸ் பெட்டியில் காலி இடங்களில் எல்லாம் ஜி727 போன்ற அனுமதித் தொடர்ச்சி அட்டை இருக்கவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் குறுக்கீட்டு அனுமதி அந்த இடத்தோடு அறுந்துவிடும். டிஎம்ஏ போர்டு மாட்டும் இடத்தில் பேக்பிளேனின் பின்புறம் சிஏ1 முனைக்கும் சிபி1 முனைக்கும் இடையே உள்ள கம்பியை எடுக்கவேண்டும், போர்டைக் கழற்றினால் திரும்பப் போடவேண்டும். க்யூபஸ்ஸில் கம்பி வேலை இல்லை, ஆனால் நடுவில் இடம் விடக்கூடாது. பிஏ23-இல் நான்காம் இடத்திலிருந்து வரிசை பாம்புபோல வளைந்து போகும் என்பதை நினைவில் வைத்து அட்டைகளை அடுக்குங்கள்.

சிம்எச் என்ற மென்பொருள் போலியில் இந்த மாடல்களில் பெரும்பாலானவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த மாடலில் எந்தக் கட்டளை உண்டு என்று பார்க்க அருமையானது. வேகத்தை மட்டும் அதில் ஒப்பிடவேண்டாம். அது அசல் நேரங்களைப் பின்பற்றுவதில்லை. எந்த மாடலைச் சொன்னாலும் உங்கள் மடிக்கணினி எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் ஓடும்.

முதல்முறை வாங்குபவருக்கு எங்கள் தேர்வு பிஏ23 பெட்டியில் 11/73. நினைவகம் 1 மெகாபைட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். நல்ல விலைக்கு பிஎம்ஐ நினைவகத்தோடு 11/83 அமைந்தால் தயங்காதீர்கள். விளக்குகளும் சுவிட்சுகளும் வேண்டும், மின்கட்டணம் பொருட்டில்லை என்றால் 11/40. பைபோலாரோடு 11/45 கிடைத்தால் அது அபூர்வம். எதை வாங்கினாலும், போர்டுகளை எல்லாம் கழற்றிவைத்து, ஒரு சுமையை மட்டும் மாட்டி, 5 வோல்ட் கம்பியில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே நிற்கிறதா என்று பார்த்தபிறகே செயலியை உள்ளே தள்ளுங்கள். நாற்பது வருடம் சும்மா கிடந்த மின்தேக்கி முதல் நிமிடத்தில் ஒழுங்காக இருந்து பத்தாவது நிமிடத்தில் கைவிடக்கூடும்; எனவே அந்தச் சோதனையை அரை மணி நேரமாவது விடாமல் ஓட்டுங்கள்.